எத்தனை அடி உயரத்தில் பரண்?

1952, பிப்ரவரி 5. கென்யா நாட்டுக் காடு ஒன்றில் பிரம்மாண்டமான ஓர் அத்தி மரம். தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில், கிளைகளுக்கு நடுவே ஒரு மரவீடு. ஏறிப் போவதற்குச் செங்குத்தான, ஒடுக்கமான ஓர் ஏணி. அதில் 25 வயதுப் பெண் ஒருத்தி விறுவிறுவென ஏறுகிறாள். மரத்துக்குச் சற்றுத் தள்ளி யானைக் கூட்டம்!

அந்தப் பெண் இங்கிலாந்து இளவரசி எலிசபெத். கூடவே கணவர் பிலிப். கீழே தண்ணீர் குடிக்க வரும் யானைகளையும் காண்டாமிருகங்களையும் இளவரசி மேலே இருந்தபடியே தன் சினிமா கேமராவில் படம் பிடித்தார். இரவானது. எல்லோரும் தூங்கப் போனார்கள், ஒருவரைத் தவிர. ஏணியின் உச்சியில், மடியில் ரைபிளை வைத்துக்கொண்டு 76 வயதுக் கிழவர் ஒருவர் விடிய விடியக் காவல் இருந்தார்.

முப்பதடி உயரத்தில் இருக்கும் இளவரசிக்குக் காவல் எதற்கு என்கிறீர்களா? அந்தக் கிழவருக்குத் தெரியும். உயரம் என்பது காட்டில் ரொம்ப ஏமாற்று வேலை. அவர் பெயர் ஜிம் கார்பெட்!

அந்த இரவில் நடந்த இன்னொரு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் நாம் பேச வேண்டியது, மனிதன் ஏன் மரத்தில் ஏறி உட்கார்ந்தான், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தான் என்பதைப் பற்றி.

கார்பெட் காலத்து வேட்டைக்காரர்கள் பரணை 'மச்சான்' என்பார்கள். (நம் ஊரில் மச்சான் என்றால் அக்கா புருஷன். அந்தக் காலத்து வேட்டைக் கதைகளை மொழிபெயர்த்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்!) இந்தி வார்த்தை அது. மூலம், சமஸ்கிருதத்தின் 'மஞ்ச'. நம்மிடம் அதுவே மஞ்சம், அதாவது கட்டில். பொருத்தமான பெயர்தான். பல ஷிகாரிகள் கிராமத்தில் யாரிடமாவது ஒரு கயிற்றுக் கட்டிலை இரவல் வாங்கி, மரக்கிளையில் கட்டி, அதையே பரணாக்கிக் கொண்டார்கள்.

ஆனால், பரண் பிறந்தது வேட்டைக்காக அல்ல. காவலுக்காக!

நம் சங்கப் பாடல்களில் பரணுக்குத்தான் எத்தனை பெயர்கள் - இதணம், கழுது, பணவை! குறிஞ்சி நிலத்தில் தினை முற்றும் காலத்தில் குறவர் வீட்டுப் பெண்கள் பரணில் ஏறி உட்கார்ந்து தட்டை, குளிர், தழல் என்று விதவிதமான கருவிகளால் ஓசை எழுப்பிக் கிளிகளை விரட்டினார்கள். வள்ளியை முருகன் சந்தித்ததாக நாம் கேட்டு வளர்ந்ததும் அப்படியொரு பரணில்தானே?

அங்கே ஒரு வாலிபன் வருவான். "நான் அம்பு விட்ட மான் இந்தப் பக்கம் ஓடிவந்ததா? பார்த்தீர்களா?" என்று பரணில் இருக்கும் பெண்ணிடம் விசாரிப்பான். மானாவது, மண்ணாவது! பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். இதற்குத் தமிழ் இலக்கணம் பேரே வைத்திருக்கிறது - 'கெடுதி வினாதல்'. காணாமல் போனதைப் பற்றிக் கேட்பது! அம்பு பட்ட மிருகம் அங்கேயே விழாமல் காட்டுக்குள் ஓடி மறைவது அந்தக் காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. இல்லாவிட்டால் இப்படி ஒரு சாக்கு எப்படி எடுபடும்? இந்த 'ஓடிப்போன மான்' விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளியை விரட்டப் பரண் என்ன உயரம் இருக்க வேண்டும்? தினைக் கதிருக்கு மேலே தலை தெரிந்தால் போதும். எதிரி கிளிதானே! ஆனால், இரவில் காவல் மாறும். ஆண்கள் தீப்பந்தமும் கவணுமாக ஏறுவார்கள். அப்போது எதிரி காட்டுப்பன்றி. சில சமயம் யானை. உடனே பரணின் உயரமும் கூடியாக வேண்டும்.

பரணின் வரலாற்றில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இதுதான் கணக்கு. 'எவ்வளவு உயரம்?' என்று கேட்டால், பதில் 'யாருக்கு எதிராக?' என்பதில்தான் இருக்கிறது.

மானையே எடுத்துக்கொள்வோம். மான் உங்களைக் கடிக்கப் போவதில்லை. பிறகு எதற்கு மரம் ஏற வேண்டும்? மூக்கு! மானுக்குக் கண்ணைவிட, காதைவிட மூக்குதான் பெரிய காவல்காரன். தரையில் பதுங்கியிருக்கும் மனிதனின் வாடையைக் காற்று ஒரு வீச்சில் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். மேலே உட்கார்ந்தால் வாடை மானின் தலைக்கு மேலாகக் கடந்துபோக வாய்ப்பு உண்டு. ஆனால், அதிலும் ஒரு சிக்கல். காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சூடாகி மேலே எழும். பரணில் இருப்பவனுக்கு அனுகூலம். சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். பரணில் இருப்பவன் வாடையையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். காலையில் கைகொடுத்த அதே மரம், சாயங்காலம் காலை வாரிவிடும்!

மான் சாதாரணமாக மேலே பார்க்காது, ஆபத்து பெரும்பாலும் தரையில்தான் வரும் என்பது அதன் அனுபவம் - இது வேட்டைக்காரர்கள் சொல்வது. பாதி உண்மைதான். அமெரிக்காவில் வெள்ளை வால் மானை மரத்தில் உட்கார்ந்து வேட்டையாடுவது இன்றைக்கும் சட்டப்படி நடக்கிற சமாசாரம். 15 அடி, 20 அடி, 25 அடி என்று உயரத்தைப் பற்றி அங்கே ஓயாத வாக்குவாதம். வருஷா வருஷம் ஆட்கள் ஏறி உட்காரும் காடுகளில், மான்கள் அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அவர்களே புலம்புகிறார்கள்.

அப்படியானால் 30 அடி, 40 அடி என்று ஏறிவிட வேண்டியதுதானே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. நீங்கள் 20 அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மான் 60 அடி தள்ளி நின்றால், நீங்கள் குனிந்து பார்க்கும் சரிவு சுமார் 18 டிகிரிதான். அதே மான் மரத்துக்குப் பத்தடி பக்கத்தில் வந்துவிட்டால் 60 டிகிரியைத் தாண்டிவிடும்! இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது மானின் முதுகு மட்டுமே. இதயமும் நுரையீரலும் அதற்குக் கீழே, விலா எலும்புக்குள். மேலிருந்து செங்குத்தாக இறங்கும் அம்பு இரண்டு நுரையீரல்களில் ஒன்றை மட்டும் துளைத்துவிட்டுப் போகலாம். மான் விழாது, ஓடும். மைல் கணக்கில் ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அந்த 'ஓடிப்போன மான்'! உயரம் கூடக் கூட, வேட்டைக்காரன் மறைவது சுலபம். மான் சாவது கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. மேலே ஏறினவன் விழவும் செய்வான். அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் அடிபடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, மரத்திலிருந்து விழுவது. இன்று அவர்கள் இடுப்பிலும் தோளிலும் வார்ப்பட்டை மாட்டி, மரத்தோடு தங்களைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

சரி, மானை விட்டுவிட்டுப் புலிக்கு வருவோம். புலி பொதுவாக மரம் ஏறாது. பின்னங்காலில் நின்று எட்டினால் எட்டும் உயரத்தைத் தாண்டிவிட்டால் போதும். எனவே 12 அடி, 15 அடி என்று ஷிகாரிகளிடையே ஒரு கணக்கு இருந்தது. நம் ராஜாக்களும் வெள்ளைக்கார துரைமார்களும் அந்த உயரத்தில் மெத்தை, தலையணை, ஃபிளாஸ்க்கில் தேநீர் சகிதம் சொகுசாக உட்கார்ந்து வேட்டையாடினார்கள்.

புலி தானாக வந்து அவர்கள் முன்னால் நிற்குமா என்ன? விரட்டிவிட வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான கிராமத்து ஏழைகள். தம்பட்டமும் கம்பும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு, காட்டை அரைவட்டமாக வளைத்துச் சத்தம் போட்டபடி நடப்பார்கள். புலி மிரண்டு பரண் இருக்கும் பக்கம் ஓடிவரும். சுட வேண்டியது மட்டும்தான் மேலே இருப்பவர் வேலை. குறி தப்பிக் காயம்பட்ட புலி எந்தப் பக்கம் திரும்பும்? விரட்டிக்கொண்டு வருகிறவர்கள் பக்கம்! அவர்களுக்கு எத்தனை அடி உயரம்? பூஜ்யம். வெறும் காலோடு தரையில்.

சர்குஜா மகாராஜா தன் வாழ்நாளில் 1,100-க்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகச் சொல்லிக்கொண்டார். 1911-இல் இந்தியா வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பக்கத்தில் நேபாளத்துக்கும் வேட்டையாடப் போனார். அவர் ஏறியது மரத்தில் அல்ல, யானை மேல் அம்பாரியில். நடமாடும் பரண்! பத்தே நாளில் அவருடைய கோஷ்டி கொன்று குவித்தது 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள். ஆரம்பத்தில் பார்த்தோமே எலிசபெத், அவருடைய சொந்தத் தாத்தாதான் இந்த ஜார்ஜ்.

இப்படியொரு காலத்தில்தான் கார்பெட்டின் பரணுக்கு முன்னால் வேறு விதமான எதிரி வந்தது. சிறுத்தை!

புலிக்குப் போட்ட கணக்கெல்லாம் சிறுத்தையிடம் செல்லாது. அது மரம் ஏறும். தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டே ஏறும். 15 அடியானால் என்ன, 30 அடியானால் என்ன? நீங்கள் ஏற முடிகிற மரத்தில் அது உங்களைவிட வேகமாக ஏறும், சத்தமே இல்லாமல்.

இமயமலையில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் இருக்கிறது ருத்ரப்பிரயாகை. அங்கே 1918 ஜூன் 9-ஆம் தேதி பேஞ்ஜி என்ற கிராமத்தில் ஒருவரைக் கொன்றதில் ஆரம்பித்தது ஓர் ஆண் சிறுத்தை. அடுத்த எட்டு ஆண்டுகளில் சர்க்கார் கணக்குப்படி மட்டும் 125 பேர். பொழுது சாய்ந்தால் அந்த மலைப் பிரதேசம் முழுக்கக் கதவுகள் மூடிக்கொள்ளும். கதவை உடைத்துக்கொண்டும் வந்தது. ராணுவ வீரர்கள், பரிசுக்கு ஆசைப்பட்ட ஷிகாரிகள், விஷம், பொறி... எதற்கும் மசியவில்லை. 1925-இல் கார்பெட் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று, அலக்நந்தா நதியின் தொங்கு பாலம். இரவில் சிறுத்தை அக்கரைக்குப் போவதானால் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பாலத்தைத் தாங்கி நிற்கும் கல் கோபுரத்தின் உச்சியில் போய்ப் படுத்துக்கொண்டார். உயரம் பிரமாதம். பாலம் முழுக்கப் பார்வைக்குள். சிறுத்தை ஏறிவருவதும் லேசல்ல. கணக்குப்படி உலகத்திலேயே சிறந்த பரண்!

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. இருபது இரவுகள்! மலைக் காற்று ஆளைக் கீழே தள்ளப் பார்த்தது. காற்று ஓய்ந்தால் எறும்புகள் மொய்த்துக் கடித்தன. அந்த இருபது இரவுகளில் பாலத்தைக் கடந்த ஒரே ஜீவன் எது தெரியுமா? ஒரு நரி!

மறுவருஷம் திரும்பி வந்த கார்பெட் இன்னொரு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். குலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரைப் பாதையின் ஓரமாக ஒரு மாமரம். பக்கத்திலேயே யாத்ரீகர்கள் தங்கும் சாவடி. அதை நடத்திவந்த பண்டிட்டையே ஒருமுறை அந்தச் சிறுத்தை தொண்டையில் கவ்வியிருந்தது. அவர் உதைத்துப் போராடிப் பிழைத்தது அதிசயம். அந்தப் பாதையில் சராசரியாக ஐந்து நாளைக்கு ஒரு முறை சிறுத்தை நடந்துபோவதைக் கார்பெட் கணக்கிட்டு வைத்திருந்தார். மாமரத்தில் பரண், கீழே பாதையில் கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆடு. பத்து இரவுகள் உட்காருவது என்று முடிவு.

கவனியுங்கள். கோபுரத்தில் இருந்தவர் மாமரத்துக்கு வந்துவிட்டார். பாதுகாப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, அந்த மிருகம் நடக்கும் தடத்துக்கு நெருங்கி வந்திருக்கிறார். சிறுத்தை விரும்பினால் ஏறிவரக்கூடிய மரம்தான் அது. தனக்குப் பயமாக இருந்தது என்பதை கார்பெட் பிற்பாடு எழுதியபோது மறைக்கவே இல்லை.

பத்து இரவுகளும் வீண். அதற்குள் ஏப்ரல் 14-ஆம் தேதி பைன்ஸ்வாரா கிராமத்தில் இன்னொரு உயிர் போயிருந்தது. கார்பெட் ஊர் திரும்ப வேண்டிய நேரம். 'இன்னும் ஒரே ஓர் இரவு' என்று பதினோராவது முறையாக மரம் ஏறினார்.

அன்றைக்குச் சாவடியில் 150 யாத்ரீகர்கள். சாமான் சுமக்கும் ஆடுகளோடு வந்த ஒரு வியாபாரியும் அவனுடைய நாய்களும் வேறு. யோசித்துப் பாருங்கள். இத்தனை பேருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இருட்டில் அந்தச் சிறுத்தை! ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவடியிலிருந்து ஒருவன் கையில் லாந்தருடன் வெளியே வந்து, பாதையைக் கடந்து, திரும்பிப் போனான். பரணில் இருந்த கார்பெட்டுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! கொஞ்ச நேரத்தில் நாய்கள் ஆவேசமாகக் குரைக்க ஆரம்பித்தன. பிறகு அமைதி. நிலா இன்னும் வரவில்லை. எதுவுமே தெரியவில்லை. திடீரென்று கீழே ஆட்டின் கழுத்து மணி கிணுகிணுத்தது.

ரைபிளில் பொருத்தியிருந்த டார்ச்சின் பொத்தானை அழுத்தினார். வெளிச்சத்தில் குறிமுனைக்கு நேராகச் சிறுத்தையின் தோள்! சுட்டார். அந்த நொடியே டார்ச் அணைந்துவிட்டது. குண்டு பட்டதா, தவறியதா, காயம்பட்ட மிருகம் மரத்தடியில் இருக்கிறதா, ஏறி வருகிறதா? தெரியாது. அந்த இருட்டில், அந்த உயரத்தில், நிலா வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் இறங்கினார். பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அது செத்துக் கிடந்தது. வயதான ஆண் சிறுத்தை, பற்கள் தேய்ந்து போயிருந்தன. ஆட்டுக்குக் கீறல்கூட இல்லை!

1926 மே மாதத்தின் முதல் நாட்கள் அவை. இதில் ஒரு வேடிக்கை. மாமரத்தில் அந்தத் துப்பாக்கி வெடித்தபோது, லண்டனில் எலிசபெத் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்தக் குழந்தைதான் 26 வருஷம் கழித்து, அதே மனிதர் காவல் காக்க, கென்யாவின் அத்தி மரத்தில் தூங்கியது. சர்குஜா மகாராஜாக்கள் புலிகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே கார்பெட் மெல்ல மெல்லத் துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு மாறியிருந்தார். தாத்தா அம்பாரியிலிருந்து காண்டாமிருகங்களைச் சுட்டார். பேத்தி பரணிலிருந்து காண்டாமிருகங்களைப் படம் பிடித்தார். பரணின் வேலையே மாறிவிட்டது!

அன்றிரவு, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இருக்கும் சாண்ட்ரிங்காம் மாளிகையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தூக்கத்திலேயே இறந்து போனார். மரத்தின் மேல் இருந்த மகளுக்குத் தெரியாது. காலையில் சிரித்த முகத்தோடு ஏணியில் இறங்கிப் போனார். செய்தி எட்டியது பிற்பகலில்தான். பிறகு அங்கே இருந்த வருகைப் பதிவேட்டில் கார்பெட் ஒரு குறிப்பு எழுதினார். ஓர் இளம்பெண் இளவரசியாக மரம் ஏறி, அடுத்த நாள் ராணியாக இறங்கியது சரித்திரத்தில் இதுவே முதல் தடவை என்பது அதன் சாரம்.

1954-இல் அந்த மரவீடு எரிக்கப்பட்டது. 1955-இல் கார்பெட் கென்யாவிலேயே காலமானார். இந்தியாவில் 1972-ஆம் வருடச் சட்டம் வேட்டைப் பரண்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று சரணாலயங்களில் மச்சான் மேல் ஏறுகிறவர்கள் கையில் இருப்பது கேமராவும் பைனாகுலரும்தான்.

அப்படியானால் பரணின் கதை சுபம் என்று போட்டுவிடலாமா? கூடாது. தாளவாடிப் பக்கம் இரவில் போய்ப் பாருங்கள். சோளமும் ராகியும் விளைந்து நிற்கும் காட்டோரங்களில், மரத்தின் மேல் பரண் கட்டி, டார்ச்சும் பட்டாசுமாகத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள் விவசாயிகள். எதிரே யானை. தும்பிக்கையை உயர்த்தினால் எட்டாத உயரம் வேண்டும், மரத்தையே முட்டினால் அசையாத தண்டு வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் போட்ட பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்துப் போடுகிற உயரக் கணக்கு அது. பொறுமை இழந்து யாராவது வேலியில் மின்சாரம் பாய்ச்சினால், செத்துக் கிடப்பது யானை. ஜெயிலுக்குப் போவது விவசாயி.

அகநானூற்றில் ஒரு காட்சி வருகிறது. பரணில் காவல் இருக்க வேண்டிய குறவன் கள்ளைக் குடித்துவிட்டுக் கிறங்கிக் கிடக்கிறான். தினை தின்ன யானை வந்து நிற்கிறது. பக்கத்தில் கூந்தலைக் கோதியபடி அவன் மனைவி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். அந்த இசையில் மயங்கிய யானை, கதிரைத் தொடாமல், இடத்தைவிட்டு நகராமல், அப்படியே நின்றபடி தூங்கிவிடுகிறது!

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கற்பனை. பரணில் இருப்பவனுக்கும் சேதமில்லை, கீழே நிற்கும் யானைக்கும் சேதமில்லை. அந்த ஓர் உயரத்தைத்தான் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.